போதைப் பொருளும் பல்லும்: காரைக்குடி பல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி (தேவகோட்டை, ஒரு தாய்): சென்னையில் வேலை பார்க்கும் மகன் பொங்கலுக்கு வந்தான். 24 வயதுதான், முன்பல் ஈறோரமெல்லாம் கறுத்திருக்கிறது. மெத் (மெத்தாம்பெட்டமைன் என்ற போதைத் தூள்) பழக்கம் என்று அவனே சொல்லிவிட்டான். அந்தத் தூள் பல்லை அரித்துவிட்டதா டாக்டர்?

பதில்: தூளைவிட எச்சில் வற்றியதுதான் பெரிய காரணம் ஆச்சி. வாயில் சேரும் அமிலத்தைத் தணிப்பதும், பல் இழந்த சுண்ணாம்புச் சத்தைத் திருப்பித் தருவதும் எச்சில்தான். வாயின் பி.ஹெச். (அமிலத்தைக் காட்டும் அளவு; குறையக் குறைய அமிலம் கூடும்) ஏறத்தாழ 5.5க்குக் கீழே போனால், பல்லின் மேலோடான எனாமல் கரையத் தொடங்கும். மெத் எடுத்தவருக்கு மணிக்கணக்கில் வாய் காயும். அந்தத் தாகத்துக்குக் கோலாவும் இனிப்பு சோடாவுமாகக் குடிப்பார்கள். பல் துலக்கும் நினைப்பே வராது. போதாததற்குப் பல்லை நறநறவெனக் கடித்துக்கொண்டே இருப்பார்கள். அதனால்தான் ஈறோரத்திலும் முன்பல் இடுக்கிலும் சொத்தை விழுகிறது.

உண்மையைச் சொன்ன பிள்ளையைத் திட்டாதீர்கள், அழைத்து வாருங்கள். வேர் உறுதியாக இருக்கும் பல்லை அடைத்தோ, வேர் சிகிச்சை செய்து கேப் போட்டோ காப்பாற்றலாம். ஆனால் பழக்கம் தொடர்ந்தால் கேப்பின் ஓரத்திலும் சொத்தை வரும். போதை மீட்பு சிகிச்சையும் கூடவே நடக்கட்டும்; 14446க்கு இலவசமாகப் பேசலாம்.

கேள்வி (காரைக்குடி, மாணவர்): நண்பன் கொகெய்னை ஈறில் தேய்க்கிறான். மூக்கால் இழுப்பதற்கு இது பரவாயில்லை என்கிறான்.

பதில்: இல்லை தம்பி. அது ரத்தக் குழாயைச் சுருக்கிவிடும். தேய்த்த இடம் வெளுத்துப் புண்ணாகும், ஈறு இறங்கி வேர் தெரியும். மரத்துப்போவதால் வலியும் தெரியாது. நாள்பட மூக்கால் இழுத்தவர்களில் சிலருக்கு மேலண்ணத்தில் ஓட்டையே விழுந்து, குடிக்கிற தண்ணீர் மூக்கு வழியே வரும். இரண்டும் கேடுதான்.

கேள்வி (கண்டனூர்): நாளைக்குப் பல் பிடுங்கப் போகிறேன். இன்று பார்ட்டியில் எடுத்ததைச் சொல்ல வேண்டுமா? அப்பச்சிக்குத் தெரிந்துவிடுமோ என்று பயம்.

பதில்: கட்டாயம் சொல்லுங்கள். மரத்துப்போகப் போடும் ஊசியில் பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருக்கும். கொகெய்னோ மெத்தோ உடம்பில் இருக்கும்போது அதைப் போட்டால் ரத்த அழுத்தம் எகிறும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், உயிருக்கே ஆபத்து. கடைசியாக எடுத்து 24 மணி நேரமாவது போகட்டும் என்று தள்ளிவைப்போம். வயது வந்தவர் சொன்னதை வீட்டாரிடம் போய்ச் சொல்வது மருத்துவருக்கு அழகல்ல. ஒருவரை ஒருவர் தெரிந்த ஊர் என்று தயங்கினால் மதுரைக்கோ திருச்சிக்கோ போய்க் காட்டுங்கள். எங்கே போனாலும் மறைக்காதீர்கள்.

கேள்வி (பள்ளத்தூர்): பத்து வயது மகள் ஏ.டி.எச்.டி.க்கு (கவனக் குறைவு, மிகைத் துறுதுறுப்பு) மெத்தில்பெனிடேட் மாத்திரை சாப்பிடுகிறாள். அவள் பல்லும் போய்விடுமா?

பதில்: போகாது. மருத்துவர் தந்த அளவில் வாய் கொஞ்சம் காயலாம், அவ்வளவுதான். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அடிக்கடி தண்ணீர் குடிக்கட்டும். படுக்கும்முன் ஃபுளோரைடு பேஸ்டில் துலக்கட்டும். மனகோலமும் அதிரசமும் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள், நாள் முழுக்கக் கொறிக்க வேண்டாம்.