குஸ்தாவ் ஷ்வாப்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ராமநாதபுரத்தில் அப்துல் கலாம் படித்த பள்ளிக்குப் பெயர் தந்த சுவார்ட்ஸ் ஐயரும், ஜெர்மன் கவிஞர் ஷ்வாபும் ஒருவர்தாமா? இருவரும் போதகர்கள், கல்விப் பணி செய்தவர்கள் என்று படித்தேன்.
– தொண்டி வாசகர்

பதில்: இல்லை, இருவரும் வெவ்வேறானவர்கள். 1750-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சுவார்ட்ஸ் ஐயர் 1798 பிப்ரவரியில் தஞ்சாவூரில் காலமானபோது, 1792 ஜூன் 19 அன்று ஸ்டுட்கார்ட்டில் பிறந்த குஸ்தாவ் ஷ்வாப் ஐந்து வயதுச் சிறுவர்.

டூபிங்கனில் தத்துவமும் இறையியலும் கற்ற ஷ்வாப், ஸ்டுட்கார்ட் பள்ளியொன்றில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆசிரியராக இருந்துவிட்டு, 1837-இல் கோமாரிங்கன் என்னும் சிற்றூரின் போதகரானார். மனநலம் குன்றி டூபிங்கனில் ஒதுங்கி வாழ்ந்த கவிஞர் ஹோல்டர்லினின் கவிதைகளை, நண்பர் ஊலாண்டுடன் சேர்ந்து 1826-இலேயே அவர் தொகுத்து வெளியிட்டிருந்தார். தம் கவிதைகளைவிடப் பிறர் எழுத்தைக் காப்பதில் அவர் காட்டிய இந்த அக்கறைக்காகவே அவரை நான் பெரிதும் மதிக்கிறேன். கோமாரிங்கனில் இருந்த காலத்தில், 1838 முதல் 1840 வரை, கிரேக்க, ரோமானியப் புராணக் கதைகளை இளையோருக்கான எளிய உரைநடையில் மூன்று தொகுதிகளாகத் தந்தார். நம் வீடுகளில் பாரதக் கதை சொல்லப்படுவதுபோல் ஜெர்மன் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்படும் அந்நூலே அவருடைய தலையாய பணி என்பது என் கருத்து. 1841-இல் ஸ்டுட்கார்ட் திருச்சபைப் பணிக்குத் திரும்பி, 1845-இல் வூர்ட்டம்பெர்க் அரசின் உயர் பள்ளிகளைக் கவனிக்கும் அதிகாரியாகி, 1850 நவம்பர் 4 அன்று அந்நகரிலேயே மறைந்தார்.

கேள்வி: ஷ்வாபின் கவிதையொன்றில், உறைந்த ஏரியைக் கடந்து பத்திரமாகக் கரை சேர்ந்த குதிரைவீரன் செத்துப்போகிறானாமே? கடலில் தப்பி வந்தவர்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது விளங்கவில்லை. பிழைத்தவனைக் கவிஞர் ஏன் கொல்ல வேண்டும்?
– பாம்பன் வாசகர்

பதில்: 1826-இல் எழுதப்பட்ட அக்கவிதையின் களம், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா ஆகிய மூன்று நாடுகளும் சூழ்ந்த கான்ஸ்டன்ஸ் ஏரி. 63 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஏரி முழுவதும் உறைவது மிக அரிது. இருபதாம் நூற்றாண்டில் 1963-இல் அப்படி உறைந்தது. கவிதையில் வரும் வீரன், அன்றைக்கே படகேறி அக்கரை சேர வேண்டும் என்று விரைகிறான். மலையிறங்கியதும் மரமோ பாறையோ வீடோ இல்லாத வெண்பனிச் சமவெளி விரிகிறது. நிலமென்று நம்பி அதன்மேல் குதிரையைச் செலுத்துகிறான். இருட்டும் வேளையில் ஓர் ஊர் வருகிறது. சன்னலில் நின்ற பெண்ணிடம் ஏரிக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கிறான். ஏரி உனக்குப் பின்னால் கிடக்கிறது என்கிறாள் அவள். ஊரார் கூடி, அவன் பிழைத்து வந்ததைக் கொண்டாடி, ரொட்டியும் மீனும் உண்ண வாருங்கள் என்று அழைக்கிறார்கள். அவன் காதில் எதுவும் ஏறவில்லை. நெஞ்சு நின்று, குதிரையிலிருந்து சரிந்து விழுகிறான்.

உங்கள் கரையில் கடலேறுகிறவருக்கு, தம் காலடியில் இருப்பது கடல் என்பது தெரியும். அந்த அச்சத்தை அவர் புயலுக்கு நடுவிலேயே அனுபவித்துத் தீர்த்துவிடுகிறார். இவனோ ஏரி முழுவதையும் அச்சமே இல்லாமல் கடந்தவன். வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்கியிருக்க வேண்டிய பயம் முழுவதும் ஒரே கணத்தில் அவன்மேல் இறங்குகிறது. ஊராரின் மகிழ்ச்சி பெருகப் பெருக, தான் தப்பியது எத்தகைய ஆபத்திலிருந்து என்பதும் அவனுக்கு உறைக்கிறது. ஆகவே கவிஞர் அவனை வலிந்து கொல்லவில்லை என்றே நான் நினைக்கிறேன். உயிரைப் பறிப்பது பனிக்கட்டியன்று, பின்னர் வந்த அறிவு.