காந்தியும் தையல் மிஷினும்

அன்புள்ள ஐயா,

காந்தியின் 'ஹிந்த் ஸ்வராஜ்' படித்தேன். ரயிலால் பிளேக் பரவுகிறது, பஞ்சம் கூடுகிறது என்கிறார் காந்தி. ரயிலிலேயே நாடு முழுக்கச் சுற்றியவர்! அம்பேத்கர், பெரியார், நேரு எல்லாரும் இயந்திரத்தின் பக்கம் நின்றிருக்க, இவர் மட்டும்தான் பழமைவாதியா?

கே.

அன்புள்ள கே.,

ரயில் முரண்பாட்டை விடுங்கள். 1909-ல் கப்பல் பயணத்தில் பத்தே நாளில் எழுதிய புத்தகம் அது. அந்த வேகம் பக்கத்துக்குப் பக்கம் தெரியும். நீங்கள் அதோடு நிறுத்திவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

1924-ல் ராமச்சந்திரன் என்ற சாந்திநிகேதன் மாணவர் காந்தியை மடக்குகிறார்: எல்லா இயந்திரமும் வேண்டாமா? இந்த உடம்பே ஓர் இயந்திரம், ராட்டையும் இயந்திரம், எப்படி வேண்டாம் என்பேன் என்கிறார் காந்தி. தான் எதிர்ப்பது இயந்திர மோகத்தைத்தானாம். சிங்கர் தையல் மிஷினுக்கு விலக்கும் தருகிறார். மனைவி கையால் தைத்து அவதிப்படுவதைப் பார்த்து சிங்கர் என்ற மனிதர் அன்பினால் செய்தது என்று. பையன் விடவில்லை. அப்படியானால் அந்த மிஷினைச் செய்ய ஃபேக்டரி வேண்டுமே? வேண்டும்தான், அது அரசின் கையில் இருக்கட்டும் என்கிறார். ஊசி நுழைந்த வழியிலேயே ஃபேக்டரியும் நுழைந்துவிட்டது பாருங்கள்! எனக்கு 'ஹிந்த் ஸ்வராஜை'விட இந்த உரையாடல்தான் பிடிக்கும்.

அம்பேத்கர் 1945-ல் காந்தியத்தை வெளுத்து வாங்கியபோது ஓய்வைப் பற்றிப் பேசினார். மனிதனை மிருகத்திடமிருந்து பிரிப்பது பண்பாடு, அதற்கு ஓய்வு வேண்டும், இயந்திரமில்லாமல் எல்லாருக்கும் ஓய்வு கிடைக்காது. சரி, கேடுகள்? அவற்றுக்குத் தனிச்சொத்தையும் சொந்த லாபத்தையும் புனிதமாக்கிய சமூக அமைப்பே காரணம் என்றார். யார் கையில் இயந்திரம் என்ற இந்த இடத்தில் இருவரும் கிட்டத்தட்ட ஒரே திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். இரு தரப்புத் தொண்டர்களும் என்னைத் திட்டலாம்.

நேருவும் முழுக்க இயந்திரத்தின் பக்கம் இல்லை. பக்ரா நங்கல் அணையைக் கோயில் என்றவரே 1958-ல், பெரிது பெரிதாகக் கட்டும் ஆசையை நோய் என்றார். பெரியார் வேறு ரகம். 'இனி வரும் உலகம்' என்ற நூலில், ஆண் பெண் சேர்க்கை இல்லாமலே குழந்தை பிறக்கும் காலம் வரும் என்று சந்தோஷமாகவே சொன்னார்.

எனக்கு உறுத்துவது ஒன்றுதான். இயந்திரம் வந்தால் விடுதலை என்றார் அம்பேத்கர். ஆனால் ஆள் மலிவாகக் கிடைக்கும் இடத்துக்கு இயந்திரம் வருவதில்லை. அந்த மலிவை உண்டாக்குவது சாதி. அது வேலையை மட்டுமா பிரிக்கிறது, வேலை செய்கிறவர்களையே பிரிக்கிறது என்று 1936-லேயே எழுதியவரும் அவர்தான். நெசவுக்கு மிஷின் வந்து எத்தனை காலம் ஆகிறது! சாக்கடைக்கு? மனிதக் கழிவை மனிதன் அள்ளக்கூடாது என்று 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் இன்னொன்று. அப்புறமும் பாதாளச் சாக்கடைக் குழிக்குள் ஆட்கள் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.