பீக் நகர்ந்தது

வணக்கம் சார்,

மகள் வேதியியலில் பிஎச்.டி. பண்ணுகிறாள். வினையூக்கியாம், நிறமாலையாம். விசேஷத்துக்குப் போனால் சொந்தக்காரர்கள் விசாரிக்கிறார்கள். நீங்கள் ஒருமுறை எழுதியபடி, "வினையூக்கி கல்யாணத் தரகர் மாதிரி, முடித்து வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்" என்று சொல்லிச் சமாளிப்பேன். மகளிடம் சொன்னால் சிரிக்கிறாள். போன வாரம் ராத்திரி பதினொரு மணிக்கு போன் பண்ணி, "பீக் நகர்ந்துடுச்சுப்பா" என்றாள். அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். சந்தோஷமாம்! ஒரு கோடு நகர்ந்ததில் என்ன இருக்கிறது?

ஒரு தந்தை, நல்லம்பள்ளி

அன்புள்ள ஐயா,

உங்கள் மகள் சிரித்தது நியாயம்தான். தரகர் உவமை பள்ளியில் கேட்டது, யோசிக்காமல் எழுதிவிட்டேன். வேதிவினையை வேகப்படுத்தும் இந்த வினையூக்கி எங்கே ஒதுங்குகிறது? மூலக்கூறைப் பிடித்து, பிணைப்பைத் தளர்த்தி, இன்னொன்றோடு சேர்த்து, அப்புறம்தான் விடுகிறது. கடைசியில் செலவாகாமல் மிஞ்சுவதால் சும்மா இருந்ததுபோலத் தெரிகிறது.

தொப்பூர் உங்களுக்குப் பக்கம்தானே. சேலத்திலிருந்து வரும் லாரி மலை உச்சியில் ஏறி இறங்குவதில்லை, கணவாய் வழியாக வருகிறது. சேலமும் தருமபுரியும் இருந்த உயரத்திலேயே இருக்கின்றன. நடுவில் ஏறவேண்டிய ஏற்றம் மட்டும் குறைகிறது. வினையூக்கி திறந்துவிடும் வழியும் அப்படித்தான், வினை நடக்கத் தாண்டவேண்டிய ஆற்றல் மேடு மட்டும் குறைகிறது.

சரி, பீக். எந்தப் பொருளில் ஆராய்ச்சி என்று நீங்கள் எழுதவில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். கார்பன் மோனாக்சைடில் இரண்டு அணுக்களும் ஸ்பிரிங்கில் கட்டிய குண்டுகள்போல அதிர்ந்துகொண்டே இருக்கும். அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால், தன் அதிர்வுக்குப் பொருந்துவதை மட்டும் விழுங்கும். எதை எவ்வளவு விழுங்கியது என்று காட்டும் வரைபடம்தான் நிறமாலை, விழுங்கிய இடத்தில் நிற்கும் முகடுதான் பீக், அதாவது நீங்கள் சொன்ன கோடு. வாயுவாக இருக்கும்போது, ஒரு சென்டிமீட்டருக்கு இத்தனை அலை என்ற கணக்கில், அது 2143. வினையூக்கியான பிளாட்டினத்தின் மேல் ஒட்டியதும் 2070 பக்கம் இறங்கிவிடும். பிளாட்டினம் தன் எலக்ட்ரானில் கொஞ்சத்தை அதற்குள் தள்ள, பிணைப்பு தளர்கிறது. கயிறு தளர்ந்த பம்பையில் சுதி இறங்குமே, அதுதான். பிடி விழுந்ததற்கு அந்தக் கோடுதான் சாட்சி. ஓசூரில் தயாராகும் பைக்குகளின் புகைக்குழாய்க்குள்ளும் இதே விஷவாயு இப்படித்தான் உலோகத்தில் ஒட்டி, ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகிப் போகிறது.

இந்தச் சாட்சி சீக்கிரம் கிடைப்பதில்லை. உரத்துக்கான அம்மோனியாவை இரும்பு வினையூக்கியை வைத்து 1913இலேயே ஜெர்மனியில் தொழிற்சாலை போட்டுத் தயாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்த இரும்பின் மேல் நைட்ரஜன் எப்படி உடைகிறது என்று ஜெர்மன் வேதியியலாளர் கெர்ஹார்ட் எர்ட்ல் படிப்படியாகக் காட்டியது 1970களில்தான். நோபல் வந்தது 2007இல், அவருடைய 71ஆவது பிறந்தநாளன்று.

அடுத்த முறை போன் வந்தால், "மறுபடி அளந்தப்பவும் கோடு அதே இடத்துலதான் வந்துச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். குடுவையில் ஒட்டிய அழுக்குகூடச் சில சமயம் புதுக் கோடு போடும். அப்பா இப்படிக் கேட்டால் அன்றைக்கு போன் சீக்கிரம் வைக்கப்படாது.