ஓடைமேல் நடைபாலம்: கண்ணை உறுத்தாமல் அமைக்க

கேள்வி: சார், மலை ஓடையைக் கடக்க 12 மீட்டர் நடைபாலம் வேண்டும். பச்சை பெயிண்ட் அடித்தால் காட்டோடு கலந்துவிடுமா?

பதில்: கலக்காது. காட்டின் பச்சை மழைக்காலத்தில் ஒன்று, கோடையில் வேறு. பெயிண்ட் என்றும் ஒரே பச்சை. மங்கலான அடர்பழுப்பு எவ்வளவோ தேவலை. ஆனால் நிறத்தைவிட அதிகம் உறுத்துவது பாலத்தின் கனம்தான். பாலத்தைத் தாங்கும் இரண்டு எஃகு கர்டர்களையும் (நீள உத்தரங்கள்) உள்ளே தள்ளிப்போட்டு, தளத்தை இருபுறமும் 30 செ.மீ. வெளியே நீட்டுங்கள். கர்டர் தளத்தின் நிழலில் மறைந்துவிடும். பக்கவாட்டில் பார்ப்பவருக்கு மெல்லிய விளிம்பு மட்டுமே தெரியும்.

கேள்வி: கரை ஓரத்திலேயே அஸ்திவாரம் போட்டால் நீளம் குறையுமே, செலவு மிச்சம்தானே?

பதில்: தயவுசெய்து வேண்டாம். ஓடையைக் குறுக்கினால் வெள்ளம் அங்கே வேகமெடுத்து அடிமண்ணை அரிக்கும். பாரம் தாங்காமல் விழும் பாலங்களைவிட இந்த அரிப்பில் சாய்பவைதான் அதிகம். கரை விளிம்பிலிருந்து 2 மீட்டராவது பின்வாங்குங்கள். கரையோர மரங்களின் வேரும் தப்பும். கிளைகளில் சிக்கிய சருகு, பழைய வெள்ளம் எதுவரை வந்தது என்று காட்டும். கர்டரின் அடிப்பகுதி அதற்கு மேல் 60 செ.மீ.; மரக்கட்டை அடித்துவரும் ஓடை என்றால் 1 மீட்டர்.

கேள்வி: துரு நிறத்திலேயே விடும் கார்ட்டென் எஃகு சரிவருமா?

பதில்: நனைந்து காயும் இடத்தில்தான் அந்தத் துரு இறுகிக் காப்பாகும். அருவிச் சாரல், உப்புக்காற்று, சருகு தேங்கும் மூலை இருந்தால் எஃகு தேய்ந்துகொண்டே போகும். அங்கே துத்தநாகம் பூசிய எஃகு போடுங்கள். பளபளப்பு போகப்போக மங்கி, பாறைச் சாம்பலாகிவிடும்.

கேள்வி: அண்ணா, உள்ளூர்க் கல்லிலேயே கட்ட முடியுமா?

பதில்: முடியும். சுவிட்சர்லாந்தின் வியாமாலா பள்ளத்தாக்கில் பொறியாளர் யூர்க் கொன்செட் வடிவமைத்த புன்ட் டா சுரான்சுன்ஸ் (1999) அப்படித்தான். 40 மீட்டர் பாலம், அடியில் கர்டரே இல்லை. துருப்பிடிக்காத எஃகுப் பட்டைகள்மேல் அப்பகுதியின் ஆண்டேயர் கிரானைட் பலகைகளை அடுக்கி, பட்டைகளை இழுத்து இறுக்கியதும் கற்கள் ஒன்றையொன்று நெருக்கித் தளமே விறைத்துக்கொண்டது. ஆனால் அந்த இழுவிசை முழுக்கக் கரைகளுக்குப் போகும். இருகரையிலும் உறுதியான பாறை இருந்தால் மட்டுமே யோசியுங்கள்.

கேள்வி: மரப்பலகை மழையில் வழுக்குகிறது. கோழிவலை அடிக்கலாமா?

பதில்: வலை கிழிந்து காலைத் தட்டும். பலகைகளை நடக்கும் திசைக்குக் குறுக்கே, 8 மி.மீ. இடைவெளிவிட்டுப் பதித்து, மணல் கலந்த எப்பாக்சி (கெட்டியாக இறுகும் பிசின்) பட்டை ஒட்டுங்கள். வருஷம் ஒருமுறை இடுக்குச் சருகைச் சுரண்டி எடுக்காவிட்டால் பலகை அங்கிருந்துதான் உளுத்துப்போகத் தொடங்கும்.