வாங்கும் முன்: ஓவருக்கு ஓவர் ஒரு தூண்டில்

செல்போனில் மேட்ச் பார்க்கும்போது ‘கட்டும் பணத்துக்கு அதே அளவு போனஸ்’ என்று ஒரு பந்தய ஆப் விளம்பரம் வந்தது. 3,000 ரூபாய் கட்டினேன். கணக்கில் இப்போது 11,400 காட்டுகிறது. எடுக்கப் போனால், முதலில் 2,000 வரி அனுப்பு என்கிறார்கள். அனுப்பலாமா? – காட்பாடி

அனுப்பாதீர்கள். அந்த 11,400 அவர்கள் திரையில் எழுதிக் காட்டும் எண், அவ்வளவுதான். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் போடுங்கள். யுபிஐ பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். சீக்கிரம் சொன்னால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வழி உண்டு. கூச்சம் வேண்டாம். கூச்சப்பட வேண்டியவன் உங்களை ஏமாற்றியவன்.

சும்மா ஜாலிக்குப் பந்தயம் கட்ட நம்பகமான ஆப் எது? – சத்துவாச்சாரி

எதுவும் இல்லை.

வங்கிக் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் கொடுத்தால் மாதம் 5,000 தருகிறேன் என்றான் நண்பனின் நண்பன். கொடுத்துவிட்டேன். தப்பா? – கல்லூரி மாணவர், ஆம்பூர்

கொடுத்துவிட்டுக் கேட்கிறீர்களே தம்பி! யார் யாரோ தோற்ற பணம் உங்கள் பெயரில் ஓடப்போகிறது. போலீஸ் தேடி வந்தால் முதலில் தட்டுவது உங்கள் வீட்டுக் கதவைத்தான். நாளைக் காலை வங்கி திறந்ததும் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். அப்புறம் நேரே சைபர் கிரைம் போலீசில் எழுதிக் கொடுங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

வீட்டுக்காரர் தோல் கம்பெனியில் வேலை. பந்தயத்தில் என் நகை வரை போனது. ஆறு மாதமாக விட்டிருக்கிறார். ஆனால் மேட்ச் நடுவில் அந்த விளம்பரம் வந்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. – ராணிப்பேட்டை

அம்மா, அவர் வாசலுக்குப் போவது விடவேண்டும் என்ற எண்ணத்தில்தான். அந்த நேரத்தில் ‘எங்கே போறீங்க’ என்று கேட்காதீர்கள். டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு நீங்களும் கூடப் போய் நில்லுங்கள். சூதாட்டப் பழக்கத்தை உலக சுகாதார நிறுவனமே நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. குணக்கேடு என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். அரசின் மனநல உதவி எண் 14416-க்கு இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். நேரில் காட்ட வேண்டும் என்றால் வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் இருக்கிறது. அவர் சம்மதித்தால் யுபிஐ வரம்பைக் குறைத்து வையுங்கள். பழைய கடனை அடைக்க லோன் ஆப் பக்கம் மட்டும் போக வேண்டாம்.

மேட்ச் நடுவில் வரும் பந்தய விளம்பரங்களில் ‘விளையாட்டுச் செய்தி’ என்றுதானே போட்டிருக்கிறது? அதில் என்ன தப்பு? – ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆற்காடு

ஐயா, இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். பந்தய ஆப்பின் பெயர், அதே நிறம், அதே எழுத்து. பின்னால் ‘நியூஸ்’ என்று ஒரு சொல்லை மட்டும் ஒட்டியிருப்பார்கள். சாராய கம்பெனி சோடாவைக் காட்டி விளம்பரம் செய்யும் அதே தந்திரம். இப்படிப்பட்ட மறைமுக விளம்பரத்தைக் காட்டக் கூடாது என்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2022 அக்டோபரிலேயே தனியார் டிவி சேனல்களுக்கு அறிவுறுத்தியது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு எதிராக 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமே நிறைவேற்றியது. அதன்படி விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். அதற்கு முன் 2023-லிருந்து இந்திய அணியின் சட்டையிலேயே அப்படி ஓர் ஆப்பின் பெயர் இருந்தது.

அந்தச் சட்டையை நானும் வாங்கினேன். வேலூர் லாங் பஜாரில், 350 ரூபாய்க்கு, அக்கா பேரனுக்கு. இரண்டாம் வகுப்புப் பையன். நெஞ்சில் இருந்த பெயரை ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படித்துவிட்டு, ‘தாத்தா, இது என்ன டீம்?’ என்று கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. என் காசைக் கொடுத்து ஏழு வயதுப் பிள்ளையின் மேல் அந்த விளம்பரத்தை மாட்டிவிட்டேனே என்று இன்றைக்கும் மனசு ஆறவில்லை. டிவி விளம்பரத்தில் ‘நிதி இழப்பு அபாயம் உண்டு, அடிமையாக்கலாம்’ என்ற எச்சரிக்கையை மூச்சு விடாமல் ஓட்டிவிடுவார்கள். ஜெயித்தவன் சிரிப்பை மட்டும் நிறுத்தி நிதானமாகக் காட்டுவார்கள். கணக்குத் தெரிந்தவன் சேனலை மாற்றிவிடுவான். நேற்று தோற்று, விட்டதைப் பிடிக்கலாம் என்று தவிப்பவன்தான் கண்ணை எடுக்காமல் பார்ப்பான். அவனுக்காகத்தான் ஐயா இதை எடுக்கிறார்கள்.

இப்படி விளம்பரம் வந்தால் எங்கே சொல்வது? – குடியாத்தம்

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சேனல், தேதி, நேரம் குறித்துக்கொள்ளுங்கள், திரையை ஒரு படம் எடுத்து வையுங்கள். போன வாரம் நானும் ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன்.