மெயின்ஸ் முடிந்துவிட்டது, நேர்முகத்துக்கு என்ன செய்வது? வங்கி வேலை கேள்வி பதில்

பொதுத்துறை வங்கியில் கிளை, கடன் பிரிவு என்று பல வருடம் வேலை பார்த்தவள் நான். நேர்முகக் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படுகிறவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, திண்டுக்கல். பி.இ. மெக்கானிக்கல். ஐபிபிஎஸ் (வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் தேர்வு நிறுவனம்) நடத்தும் பி.ஓ. (அதிகாரி) தேர்வில் மெயின்ஸ் என்ற முதன்மைத் தேர்வை நன்றாகச் செய்திருக்கிறேன். "மெக்கானிக்கல் படித்துவிட்டு ஏன் பேங்க்?" என்று கேட்டால் என்ன சொல்வது?

கேட்பார்கள் தம்பி, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "வேலைப் பாதுகாப்பு", "சின்ன வயதிலிருந்தே கனவு" இந்த இரண்டையும் காலையிலிருந்து முப்பது பேரிடம் கேட்டுக் களைத்துப்போய்த்தான் எதிரே இருப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் படிப்பைத் தூக்கி எறியாமல் அதையே வங்கிக்குள் கொண்டு வாருங்கள். உங்கள் ஊரில் ஒரு லேத் பட்டறைக்காரர் புது மெஷின் வாங்கக் கடன் கேட்டு வருகிறார் என்று வையுங்கள். கொட்டேஷனில் உள்ள விலை நியாயமா, அந்த மெஷின் ஒரு ஷிஃப்டில் எத்தனை பீஸ் தரும், தவணை கட்டும் அளவுக்கு அதில் மிச்சமாகுமா என்பதெல்லாம் பி.காம். படித்தவரைவிட உங்களுக்குச் சீக்கிரம் புரியும். அதைச் சொல்லுங்கள். சொன்னதும் அடுத்த கேள்வி "டெர்ம் லோனுக்கும் ஒர்க்கிங் கேப்பிட்டலுக்கும் என்ன வித்தியாசம்?" என்றுதான் வரும், அதையும் தயாராக வைத்திருங்கள். மெஷினுக்குக் கொடுப்பது முதலாவது, இரும்பு வாங்கவும் கூலி கொடுக்கவும் கொடுப்பது இரண்டாவது.

விண்ணப்பத்தில் ஊர்ப் பெயர் இருக்கிறதே, அப்போது பூட்டைப் பற்றியும் கேட்பார்கள். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அப்படியும் அந்தத் தொழில் ஏன் சுருங்குகிறது, அதற்குக் கடன் எப்படி உதவும் என்று ஒரு பத்து நிமிடம் யோசித்துவிட்டுப் போங்கள். நீங்கள் எழுதிக் கொடுத்த விண்ணப்பம்தான் அவர்கள் கையில் உள்ள கேள்வித்தாள். அதில் "பொழுதுபோக்கு: வாசிப்பு" என்று இருந்தால் கடைசியாக என்ன படித்தீர்கள் என்று கேட்காமல் விடமாட்டார்கள்.

மதிப்பெண் கணக்கும் தெரிந்திருக்கட்டும். நேர்முகம் 100-க்கு, அதில் 40 சதவீதம் வேண்டும், ஓபிசி, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 35. இறுதிப் பட்டியலில் மெயின்ஸுக்கு 80 பங்கு, நேர்முகத்துக்கு 20. நேர்முகத்தில் 15 மதிப்பெண் கூடினால் கடைசியில் கூடுவது 3 தான், ஆனால் அந்த 3-க்குள் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது தேர்வு எழுதிய உங்களுக்கே தெரியும்.

மேடம், கல்விக் கடன் இரண்டு வருடமாகக் கட்டவில்லை. வேலை கிடைத்ததும் கட்டிவிடலாம் என்று இருக்கிறேன். சிபில் (கடனை ஒழுங்காகக் கட்டினோமா என்ற பதிவு) பார்ப்பார்களா?

பார்ப்பார்கள். இதைப் படிக்கும் எல்லோரும் இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், தேர்வில் ஜெயித்துவிட்டு இதில் தோற்கிற பிள்ளைகளை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. வேலையில் சேரும்போது கடன் வரலாறு சரியாக இருக்க வேண்டும் என்று ஐபிபிஎஸ் அறிவிப்பிலேயே போட்டிருக்கிறார்கள். பாக்கி இருந்தால் அதைச் சரிசெய்திருக்க வேண்டும், இல்லை கடன் கொடுத்த வங்கியிடம் தடையில்லாச் சான்று வாங்கி வர வேண்டும், இரண்டும் இல்லையென்றால் பணி நியமனமே ரத்தாகலாம். 2025-ல் சென்னை உயர்நீதிமன்றமும் இப்படி ஒருவருடைய நியமனத்தை ரத்து செய்த எஸ்பிஐ-யின் முடிவு சரியே என்று தீர்ப்பு சொன்னது.

இந்த வாரமே கடன் கொடுத்த கிளைக்குப் போய் மேனேஜரைப் பாருங்கள், கூச்சப்படாதீர்கள். "செட்டில்மென்ட்" என்று குறைந்த தொகைக்கு முடிக்கச் சொன்னால் அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம், ரிப்போர்ட்டில் "செட்டில்டு" என்று விழுந்தால் அது பாதி கட்டி மீதியை விட்டுவிட்ட கடன் என்றுதான் படிக்கப்படும். முடிந்தவரை நிலுவைத் தவணைகளை முழுதாகக் கட்டிக் கணக்கை ஒழுங்குக்குக் கொண்டு வாருங்கள். கட்டியது ரிப்போர்ட்டில் ஏறிவிட்டதா என்றும் பாருங்கள். வருடத்துக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை, சிபில் போல இந்தப் பதிவை வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும் இலவசமாகத் தர வேண்டும்.

எம்பிசி சான்றிதழ் இருக்கிறது, அது போதுமா?

போதாது. பிசி, எம்பிசி எல்லாம் மாநில அரசுப் பிரிவுகள். இங்கே கேட்பது மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (ஓபிசியில் வசதி மிகுந்தவர்கள்) வரவில்லை என்ற வரியோடு தரப்படும் ஓபிசி சான்றிதழ். இ-சேவையில் விண்ணப்பியுங்கள், அறிவிப்பில் சொன்ன தேதிக்குள் வாங்கியதாக இருக்கட்டும். நேர்முகத்துக்குப் போய்ப் பொதுப் பிரிவுக்கு மாறிக்கொள்ளலாம் என்று நம்பிப் போகாதீர்கள்.

மூன்று வருடம் தேர்வுக்கு மட்டும்தான் படித்தேன். இடைவெளியைப் பற்றிக் கேட்டால் பயமாக இருக்கிறது.

உண்மையைச் சொல்லுங்கள். எந்த வருடம் எதுவரை வந்தீர்கள், அடுத்த வருடம் எதைத் திருத்திக்கொண்டீர்கள், வீட்டில் யாருக்கு என்ன உதவி செய்தீர்கள், அவ்வளவுதான். மளிகைக் கடையில் அப்பாவுக்குக் கணக்குப் பார்த்திருந்தால் அதை மறைக்காதீர்கள், அதைவிட நல்ல பதில் கிடையாது. இல்லாத கம்பெனியில் வேலை பார்த்ததாக எழுதுவதுதான் பயப்பட வேண்டிய விஷயம்.

வங்கி சார்ந்த கேள்விகளுக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஒரு கிளையில் போய் ஒரு காலை நேரம் நில்லுங்கள். யார் எதற்கு வருகிறார்கள் என்று பாருங்கள். கேஒய்சி (அடையாள, முகவரி ஆவணம்) கேட்டு ஒரு பாட்டியைத் திருப்பி அனுப்பினால் அது ஏன் என்று போய்ப் படியுங்கள், அப்படிப் படித்தது மறக்காது. அடிப்படையில் இவை விரல்நுனியில் இருக்க வேண்டும்: 90 நாள் தவணை நின்றால் வாராக்கடன், அதற்கு முன் எஸ்எம்ஏ (கவனிக்க வேண்டிய கணக்கு) 0, 1, 2 என்று முப்பது முப்பது நாளாக எச்சரிக்கை, வைப்புத்தொகைக் காப்பீடு 2020-லிருந்து 5 லட்சம், கொடுக்கும் கடனில் முன்னுரிமைத் துறைக்கு 40 சதவீதம், அதற்குள் விவசாயத்துக்கு 18, பணவீக்க இலக்கு 4 சதவீதம், இரண்டு பக்கமும் 2 வரை தளர்வு. ரெப்போ (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி) மட்டும் போகிற வாரம் பார்த்துக்கொள்ளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள், சுற்றிச் சுற்றிப் பேசுவதைக் குழுவில் யாரும் விரும்புவதில்லை.

அக்கா, சென்னை. பி.காம். குழந்தைக்காக ஐந்து வருடம் வீட்டில் இருந்தேன். இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் ஆபரேஷன்ஸ் வேலைக்கு முயற்சி செய்கிறேன்.

தாராளமாகச் செய்யம்மா, பங்கு வியாபாரத்தின் பின்னணிக் கணக்குகளைப் பார்க்கும் இந்த வேலைகள் சென்னையில் நிறைய உண்டு. ரெஸ்யூம் ஒரு பக்கம் போதும். "டேலி தெரியும்" என்று மட்டும் எழுதாதே, மாதம் எத்தனை இன்வாய்ஸ் பார்த்தாய், எதை எதோடு ஒத்துப்பார்த்தாய் என்று எண்ணோடு எழுது. ஐந்து வருட இடைவெளியை ஒரே வரியில் நேராகச் சொல்லிவிடு.

நேர்முகத்தில் டிரேட் லைஃப் சைக்கிளைத்தான் பிடிப்பார்கள்: ஆர்டர் போட்டதிலிருந்து பங்கும் பணமும் கைமாறுகிற வரை என்ன நடக்கிறது. இங்கே 2023 ஜனவரியிலிருந்து முழுதாக டி பிளஸ் 1, அதாவது வியாபாரம் நடந்த அடுத்த வேலை நாளில் கைமாறும், அமெரிக்காவில் 2024 மே மாதத்திலிருந்து. ஒரு நாள் குறைந்ததால் தவறைக் கண்டுபிடிக்கிற நேரமும் குறைந்துவிட்டது, அதனால்தான் ரீகன்சிலியேஷன் (கணக்குகளை ஒத்துப்பார்க்கும்) ஆட்கள் தேவைப்படுகிறார்கள் என்று நீயே சொன்னால் எதிரே உள்ளவர் நிமிர்ந்து உட்காருவார். பங்குகளில் போனஸ், ஸ்பிளிட் இரண்டுக்கும் வித்தியாசம் பார்த்துக்கொள். என்ஐஎஸ்எம் (பங்குச் சந்தைப் படிப்பு நிறுவனம்) சான்றிதழ் ஒன்று வாங்கினால் நல்லது, படிப்புத் தொடர்பு அறுந்துபோகவில்லை என்பதற்கு அது சாட்சி.

பிரபல தனியார் வங்கியில் வேலை உறுதி, டெபாசிட் 15,000 கட்டச் சொல்லி போன் வந்தது. நேற்று 5,000 அனுப்பிவிட்டேன். மீதியை அனுப்பலாமா?

வேண்டாம், ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். டெபாசிட் கட்டினால் வேலை உறுதி என்று சொன்னாலே அது மோசடி. உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுங்கள், உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். நேரம் போகப் போகப் பணம் கணக்கு மாறிக்கொண்டே போகும், அதனால் இதைப் படித்து முடித்ததும் முதல் வேலை அந்த போன்தான்.