உதடு முந்துது, குரல் பிந்துது

கேள்வி: டிவியில் ப்ளூடூத் ஸ்பீக்கர் இணைத்ததிலிருந்து உதடு முதலில் அசைகிறது, குரல் அப்புறம்தான் வருகிறது. தியேட்டரில் கடைசி வரிசையில் உட்கார்ந்தால்கூட இப்படித் தெரிவதில்லையே, ஏன்?

பதில்: தியேட்டரிலும் பிந்தத்தான் செய்கிறது. வசனம் வருவது திரைக்குப் பின்னால் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும் என்பதால், 30 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவர் காதுக்கு வந்துசேர ஏறக்குறைய 90 மில்லிவினாடி பிடிக்கும். மூளை அதைக் கண்டுகொள்வதில்லை. சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒளிபரப்புக்காக 1998-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, ஒலி 125 மில்லிவினாடி பிந்தினால்தான் நமக்கு உறைக்கும். ஆனால் முந்தினால் 45-லேயே பிடித்துவிடுவோம். ஏன் இந்த ஓரவஞ்சனை? இயற்கையில் ஒலி எப்போதும் பின்னால்தான் வரும், அதற்குப் பழகிவிட்டோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சாதாரண ப்ளூடூத்தில் 150, 200 மில்லிவினாடி தாமதம் சகஜம், அதனால்தான் மாட்டிக்கொள்கிறது. செட்டிங்ஸில் ‘ஆடியோ டிலே’ என்று ஒன்று இருக்கிறதே என்று அதைக் கூட்டிவிடாதீர்கள், குரல் இன்னும் பிந்தும். வயரில் இணைத்துவிடுங்கள்.

கேள்வி: கண், காது இரண்டில் எது வேகம்? எல்லோருக்கும் ஒரே மாதிரியா?

பதில்: காதுதான். உள்காது ஒலியை நரம்புச் சமிக்ஞையாக்க ஒரு மில்லிவினாடிகூட ஆகாது, விழித்திரைக்கோ பல பத்து மில்லிவினாடி வேண்டும். ஒளி முந்தி வந்தும் உள்ளே போய்த் தாமதமாவதால், பத்து மீட்டர் தூரத்தில் கணக்கு கிட்டத்தட்ட நேராகிவிடும்.

ஆனால் ஆளுக்கு ஆள் மாறும், இதனால் ஒருவருக்கு வேலையே போயிருக்கிறது. இங்கிலாந்தின் கிரீன்விச் வானாய்வகத்தில் அந்தக் காலத்தில், தொலைநோக்கிக்குள் கட்டியிருக்கும் மெல்லிய கம்பியை நட்சத்திரம் கடப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கடிகாரத்தின் டிக் டிக்கைக் காதால் எண்ணி, எந்த டிக்கில் எங்கே இருந்தது என்று வினாடியின் பத்தில் ஒரு பங்கு வரை குறிக்க வேண்டியிருந்தது. உதவியாளர் டேவிட் கின்னபுரூக் குறித்த நேரம் தலைவர் மாஸ்கலினுடையதைவிட 0.8 வினாடி பிந்தியிருந்தது, 1796-ல் ஆளை அனுப்பிவிட்டார்கள். மாஸ்கலின் குறித்ததுதான் சரி என்று யார் சொன்னது? பின்னாளில் ஜெர்மன் வானியலாளர் பெசல் தன்னையே மற்ற நிபுணர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஒரு வினாடிக்கு மேலேயே வித்தியாசம் வந்தது!